நகராத ரயில்

வயல்களுக்கு நடுவே பேருந்து சட்டென்று நிற்கும். அங்கே நிறுத்தம் கிடையாது, ஏறவோ இறங்கவோ ஆளும் கிடையாது. கண்டக்டர் மட்டும் படியிலிருந்து குதித்து, தண்டவாளம் வரை நடந்துபோய், இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு விசில் கொடுப்பார். பேருந்து உறுமிக்கொண்டு மேடேறி, குலுங்கி, அந்தப் பக்கம் இறங்கும். அவர் ஓடிவந்து தொற்றிக்கொண்டு "ரைட், ரைட்" என்பார். ஆளில்லாத ரயில்வே கேட் இருந்த ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். சிறு வயதில் எனக்கு இது ஏதோ சாங்கியம் போலத்தான் பட்டது. டிரைவருக்குத்தான் இரண்டு கண் இருக்கிறதே, இன்னொருவர் எதற்கு இறங்கி நடக்க வேண்டும்?

சாங்கியம் இல்லை, சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. காவலில்லாத ரயில்வே கடவுக்கு வரும் எந்த வண்டியும் நிற்க வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உடன் வருபவரோ இறங்கி நடந்துபோய், இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வண்டியை முன்நடத்திக் கடக்க வைக்க வேண்டும். உடன் யாருமே இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மெதுவாகப் போ, கவனமாகப் போ என்று சொல்லி விட்டுவிடாமல், இறங்கி நட என்று ஒரு சட்டம் சொல்கிறதே, அதற்கான காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடத்தில் இருக்கிறது.

நீங்கள் சீரான வேகத்தில் கடவை நோக்கிப் போகிறீர்கள். இடப்பக்கத்திலிருந்து ரயிலும் சீரான வேகத்தில் வருகிறது. இருவரும் ஒரே நொடியில் அந்த இடத்தை அடையப் போகிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு மிச்சமிருக்கும் தூரம் பாதியாகும்போது ரயிலுக்கு மிச்சமிருக்கும் தூரமும் பாதியாகியிருக்கும். கால்வாசியானால் அதுவும் கால்வாசி. நீங்கள், ரயில், கடவு என்ற மூன்று புள்ளிகளாலான முக்கோணம் சுருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் அதன் கோணங்கள் மாறுவதே இல்லை. அதாவது, உங்கள் முன்கண்ணாடியில் எந்த இடத்தில் ரயில் முதலில் தென்பட்டதோ, கடைசி வரை அதே இடத்தில்தான் இருக்கும். உங்களைத் தவறவிடப்போகிற ரயில்தான் கண்ணாடியில் முன்னாலோ பின்னாலோ நகரும். மோதப்போகிற ரயில் நகராது.

கப்பல்காரர்களுக்கு இது பழைய பாடம். தூரத்தில் தெரியும் இன்னொரு கப்பல் நெருங்கிக்கொண்டே வந்தும் அதன் திசை மாறவில்லையென்றால் மோதல் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடல் போக்குவரத்து விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. சாலையில் போகிற நமக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் கடைக்கண் அசைவைப் பிடிப்பதில் கெட்டிக்காரக் கண். ஓரத்தில் ஓர் ஓணான் ஓடினால்கூடத் திரும்பிப் பார்க்கிறோம். அசையாத பொருளை அது வேலிக்கம்பம், பனைமரம், தூரத்து வீடு என்ற கணக்கில் சேர்த்துவிடும். போதாக்குறைக்கு, முன்கண்ணாடியையும் கதவையும் பிரிக்கும் தூண் ஒன்று இருக்கிறது. ரயில் அந்தத் தூணுக்குப் பின்னால் விழுந்துவிட்டால், கோணம் மாறாத வரை, முழு நேரமும் அதற்குப் பின்னாலேயே வரும். அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரயிலின் தலைப்பகுதியை நாலு விரல்கடைத் தகடு மறைத்துவிடுகிறது.

நின்றுவிட்டால் இந்த மாயம் உடைந்துபோகும். நீங்கள் நகராதபோது ரயில் கண்ணுக்கு நகர ஆரம்பித்துவிடும். இறங்கிவிட்டால் தூணும் இல்லை, எஞ்சின் இரைச்சலும் இல்லை, பாட்டும் இல்லை. வேகத்தைக் குறைப்பதால் மட்டும் இது நடக்காது. மெதுவாக வருபவனுக்கும் மெதுவாகச் சுருங்கும் முக்கோணம் ஒன்று உண்டு. அந்தக் கண்டக்டர் தண்டவாளம் வரை நடந்து போனது இதற்காகத்தான், அவருக்கே அது தெரிந்திருக்காவிட்டாலும்.

சரி, ரயிலைப் பார்த்தாயிற்று. அதன் பிறகாவது கண்ணை நம்பலாமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், கூடாது என்றார். பெரிய பொருள்கள் அவற்றின் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோலவே நமக்குத் தோன்றும் என்பது அவர் வாதம். விமான நிலையத்தின் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். தரையிறங்கும் பெரிய விமானம் ஏதோ மிதந்து வருவதுபோல் இருக்கும், பக்கத்தில் வரும் சின்ன விமானம் விரைவாகப் பறப்பதுபோல் தெரியும். உண்மையில் பெரியதுதான் வேகமாக வந்துகொண்டிருக்கும். 2013இல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினித் திரையில் ரயிலையும் மோட்டார் சைக்கிளையும் வரவிட்டு இதைச் சோதித்தார்கள். பார்த்தவர்கள் மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டு ரயிலின் வேகத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு, அதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரயில் எஞ்சின் சுமார் மூன்று மீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது நம் கண்ணுக்கு முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த உருவம் இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 16 விநாடி ஆகும். அடுத்த இரட்டிப்புக்கு 8 விநாடி. அதற்கடுத்ததற்கு 4, பிறகு 2. முதல் 16 விநாடியும் "அது அங்கேயேதான் நிற்கிறது" என்று கண் சொல்லும். கடைசி நாலு விநாடியில் திடீரென்று வானத்தையே மறைத்துக்கொண்டு நிற்கும். "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை" என்று தப்பித்தவர்கள் சொல்வது பொய்யல்ல. அதனால்தான் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பொறுமை, விவேகம் என்று எழுதிவைக்கும் பலகைகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவசரக்காரனும் ஏமாறுகிறான், நிதானமானவனும் ஏமாறுகிறான். குணத்தைத் திருத்துவதால் கண் திருந்தாது.

நம் கண் தவறினாலும் லோகோ பைலட்டின் கண் தவறாதே, அவர் பிரேக் போடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் இரும்பின் குணம் குறுக்கே வருகிறது. ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். 22 பெட்டியுள்ள ஓர் எக்ஸ்பிரஸில் எஞ்சினையும் சேர்த்து ஏறக்குறைய 190 சக்கரங்கள். ஆயிரம் டன் எடையுள்ள அந்த வண்டி பூமியைத் தொடும் இடம் மொத்தத்தையும் ஒரு பள்ளிக்கூட நோட்டின் ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். அதிலும் எஃகின் மேல் எஃகு. உருள்வதற்குத் தடையே இல்லாததுபோல வழுக்கிக்கொண்டு போகும். ரயில் குறைந்த செலவில் இவ்வளவு பாரம் இழுப்பதற்கு இதுதான் காரணம், நினைத்த இடத்தில் நிற்க முடியாததற்கும் இதேதான் காரணம். இரண்டையும் பிரிக்க முடியாது.

110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த ஆயிரம் டன்னுக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 130 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் செலவழிக்கிற அதை ஒரு நிமிடத்துக்குள் வெப்பமாக்கிக் கரைக்க வேண்டும். பிரேக் பிடித்த அந்தக் கணமே எல்லாப் பெட்டிகளும் இறுகுவதுமில்லை. பிரேக் என்பது வண்டி முழுக்க ஓடும் ஒரு குழாயில் காற்றழுத்தம் இறங்குவது. அந்தச் செய்தி ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகாது. கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர இரண்டு விநாடியாவது ஆகும், சிலிண்டரில் காற்று நிரம்ப இன்னும் சில விநாடி. எல்லாம் சேர்ந்து ரயில் நிற்கும்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து ஐம்பது மீட்டருக்குள் நின்றுவிடும். முந்நூறு மீட்டருக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்பதைக் கண்டுவிட்ட லோகோ பைலட்டால் அவசர பிரேக்கைப் போட்டுவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கத்தான் முடியும். பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டியிருப்பதும் அவர்தான்.

யாரால் நிற்க முடியுமோ அவர் நிற்க வேண்டும், இவ்வளவுதான் நீதி. ரயில்வே சட்டம், 1989, பிரிவு 161 இதைத் தண்டனையோடு சொல்கிறது. ஆளில்லாக் கடவில் நின்று பார்க்காமலோ, ரயில் வருவது தெரிந்தும் கடந்தாலோ ஓர் ஆண்டு வரை சிறை. மூடிய கேட்டைத் திறந்தால் மூன்று ஆண்டு வரை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை என்கிறது 160ஆவது பிரிவு. ரயிலின் பக்கத்திலும் கடமை இருக்கிறது. கடவுக்கு 600 மீட்டர் முன்னால் தண்டவாள ஓரத்தில் 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். அங்கிருந்து ஹாரன் ஒலித்துக்கொண்டே வர வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 600 மீட்டர் இருபது விநாடிக்கும் குறைவு. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்திருக்கும் காருக்குள் அதில் எத்தனை விநாடி காதில் விழும் என்பது வேறு விஷயம். சட்டம் டிரைவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி முடித்துவிடவுமில்லை. கேரளத்தில் ஆளில்லாக் கடவு ஒன்றில் நடந்த விபத்து பற்றிய வழக்கில், போக்குவரத்து பெருகிய இடத்தில் காவல் போடாமல் விட்டதற்கு ரயில்வேயும் பொறுப்பு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லாக் கடவில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்து, 2019 ஜனவரி முடிவதற்குள் இந்தியாவின் அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் அகற்றப்பட்டன. சில மூடப்பட்டன, சில சுரங்கப்பாதையாயின, சிலவற்றுக்கு ஆள் போட்டார்கள். கண்டக்டர் இறங்கி நடக்கும் காட்சியும் அதோடு போயிற்று.

ஆள் போட்டதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. முன்பு நம் கண்ணை நம்பினோம். இப்போது கேட் திறந்திருந்தால் ரயில் வராது என்று நம்புகிறோம். திறந்த கேட் என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை யார், எதை வைத்துக் காப்பாற்றுகிறார்கள்?

சின்ன கேட்களில் அது ஒரு டெலிபோனும் ஒரு தாளும்தான். ரயிலை அனுப்பும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பரைக் கூப்பிட்டு, இன்ன வண்டி வருகிறது, கேட்டைப் போடு என்பார். கேட் கீப்பர் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். வரிசையில்லாமல் கலைத்து அச்சிட்ட எண்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் பயன்படுத்தலாம், சொன்னதும் அடித்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் ரயில் நகரும். இன்று வங்கியிலிருந்து நம் செல்போனுக்கு வரும் ஓடிபியின் தாத்தா இது. எதிர்முனையில் பேசியது அந்த ஆள்தான், செய்தி அவர் காதில் விழுந்தது, அவர் பதிலும் சொன்னார் என்பதற்கு அந்த இரண்டு இலக்கம் சாட்சி. எவ்வளவு எளிமை, எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எனக்கு எப்போதுமே வியப்புதான். ஆனால் அந்தச் சாட்சிக்கு ஓர் எல்லை உண்டு. கேட் கீப்பர் பேசினார் என்பதைத்தான் எண் நிரூபிக்கும். கேட் மூடியிருக்கிறதா என்பது எண்ணுக்குத் தெரியாது.

2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் ஒரு பள்ளி வேனில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ரயில் வந்தபோது கேட் மூடப்படவில்லை. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட்.

தமிழ்நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அந்த வாரம் அடிபட்ட இன்டர்லாக்கிங் என்ற சொல்லின் பொருள் ஒரு சாவிதான். கேட்டின் கட்டை முழுவதும் இறங்கிப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவி சிக்னல் கருவிக்குள் போனால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சையாகும். சிக்னல் பச்சையாக இருக்கும் வரை சாவி திரும்ப வராது, அதனால் கேட்டைத் திறக்கவும் முடியாது. இப்போது பல இடங்களில் சாவிக்குப் பதில் மின்சுற்றுகள் இந்த வேலையைச் செய்கின்றன, தத்துவம் அதே. கேட் கீப்பர் தூங்கிவிட்டாரா? ரயில் நிற்கும். மறந்துவிட்டாரா? நிற்கும். "போட்டாச்சு சார்" என்று வாய் சொன்னாலும் கட்டை இறங்காவிட்டால் சிக்னல் சிவப்புதான். மனிதன் தவறுவான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அவன் தவறினால் ஆள் சாகாமல் ரயில் தாமதமாகும்படி செய்துவைத்த ஏற்பாடு இது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் செய்த தானியங்கி காற்று பிரேக்கிலும் இதே மூளைதான். அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விடுபட்டிருக்கும். குழாய் அறுந்தால் வண்டி தானே நின்றுவிடும்.

அவசரக்கார லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும் கட்டையை இடித்து உடைத்துவிட்டால் அந்தப் பாதையில் ரயில்களெல்லாம் தாமதமாவதும் இதனால்தான். உடைந்த கேட் பூட்டாது, பூட்டாத கேட்டுக்குச் சிக்னல் விழாது. அதற்காகவே பக்கவாட்டில் தள்ளி மூடும் மாற்றுக் கட்டைகள் ஓரத்தில் தயாராக இருக்கும். அதுவரை லோகோ பைலட் என்ன செய்வார்? கேட் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத்தில் 'ஜி' என்ற எழுத்து இருக்கும். அந்தச் சிக்னல் சிவப்பாக இருந்தால் நின்று, ஹாரன் கொடுத்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, ஊர்ந்தபடி கேட் வரை வந்து, கேட் கீப்பர் கையால் காட்டும் சைகையைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும்.

கேட் சரியாக இருந்தும் ஆபத்து வரும் ஒரு தருணம் உண்டு, அதை நாமே தினமும் தயாரிக்கிறோம். கேட் போட்ட ஐந்து நிமிடத்தில் இந்தப் பக்கத்து வண்டிகள் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும், அந்தப் பக்கத்து வண்டிகளும் அப்படியே. கட்டை எழுந்ததும் இரண்டு படைகளும் தண்டவாளத்தின் நடுவே முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த ரயிலுக்குக் கேட்டைப் போட வேண்டும், போட இடமில்லை. அந்தப் பக்கம் வெளியேற இடம் தெரியும் வரை உள்ளே நுழையாதே என்ற விதியை நான் பெரிய நகரங்களிலேகூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் கேட் கீப்பர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. சிக்னலைச் சிவப்பாக்கி, ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியோடு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிச்சத்தம் கேட்டு லோகோ பைலட் நிறுத்துவார். அங்கிருந்து மேலும் ஓடி, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். அந்த 1,200 என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட முழு எண் போலத் தெரியும். ரயில் நிற்கத் தேவைப்படும் அந்த ஒரு கிலோமீட்டரும் கொஞ்சம் கூடுதலும்தான் அது. ஓடும் வழியிலேயே ரயில் வந்துவிட்டால்? அதற்குத்தான் பாதி தூரத்தில் வைத்த அந்த ஒற்றை டெட்டனேட்டர். ஜல்லிக்கல்லின் மேல் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட ஓட்டமென்று.

இத்தனைக்கும் பதிலாக மேம்பாலம் கட்டிவிடலாமே? கட்டலாம், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கினால் வருவது டிவியு. லாரியும் ஒன்று, மாட்டு வண்டியும் ஒன்று, ஆட்டோவுக்கு அரை. 50 ரயில், 2,000 வண்டி என்றால் ஒரு லட்சம். அதைத் தொட்டால் மேம்பாலத்துக்குத் தகுதி. அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012இல் எல்லாக் கடவுகளையுமே ஐந்து ஆண்டுக்குள் ஒழித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. ஆளுள்ள கேட்கள் இன்னும் பல ஆயிரம் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றில் அடுத்தமுறை மாட்டிக்கொண்டு வாட்ச்சைப் பார்க்கும்போது, கேட் கீப்பர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். அவர் நம்மைப் பார்க்க மாட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு முகம் காட்டி நிற்பார். அச்சில் புகை வருகிறதா, அடியில் ஏதும் தொங்குகிறதா, சக்கரத்தில் பொறி பறக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து அனுப்புவார். கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளாக ஒரு பெரிய பெருக்கல் குறி இருக்கும். அது வந்துவிட்டால் வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவில் அறுந்து எதுவும் பின்னால் நிற்கவில்லை என்று பொருள். அந்தக் குறி கண்ணைக் கடந்த பிறகுதான் அவர் நம் பக்கம் திரும்புவார். அதற்குள் முதல் வரிசை பைக்குகள் எஞ்சினை முறுக்க ஆரம்பித்திருக்கும்.